இன்சார்ஜ் யார்?

வணக்கம். காட்பாடியிலிருந்து எழுதுகிறேன். பி.எஸ்சி. நர்சிங் முடித்து, வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். என் வார்டில் ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமோ) படித்த சீனியர் அக்கா ஒருவர் இருக்கிறார். எதற்கெடுத்தாலும் "டிகிரிக்காரங்களுக்குத் தெரியாததா?" என்று குத்திக்காட்டுவார். போன வாரம் டூட்டி மாறும்போது, "பத்து மணி பி.பி. எழுதலையே சிஸ்டர்" என்றேன். நோயாளியின் வீட்டார் முன்னாலேயே, "எழுதத் தெரிஞ்சவங்க எழுதட்டும். நரம்பு கிடைக்காதப்ப என்னைத்தானே கூப்பிடுறீங்க?" என்று கேட்டுவிட்டார். அடுத்த மாதம் என்னை வார்டுக்கு இன்சார்ஜ் ஆக்கப் போகிறார்களாம், பட்டம் படித்தவர்தான் வேண்டும் என்று. இவரை எப்படிச் சமாளிப்பது?

— ஒரு வாசகி

அன்புள்ள வாசகி,

சார்ட் விஷயத்தில் நியாயம் உங்கள் பக்கம். எழுதாத பி.பி., பார்க்காத பி.பி.தான். அடுத்த ஷிஃப்டுக்கு வருபவர் எதை நம்பி மாத்திரை கொடுப்பார்? ஆனால் அதைக் கட்டிலருகே, வீட்டார் காதுபடக் கேட்டிருக்க வேண்டாம். நர்ஸ் ஸ்டேஷனில் கேட்டிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். அவர் சொன்ன நரம்பு விஷயமும் பொய்யில்லையே. நீர் வற்றிப்போன கிழவியின் கையில் ஒரே குத்தில் ஊசி ஏற்றுவது எத்தனையோ கைகளைப் பார்த்தபிறகு வருவது.

முக்கியமான செய்தியைக் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். சண்டை அந்த இன்சார்ஜ் பதவியில்தான் இருக்கிறது. இருவரும் பதிவு செய்திருப்பது ஒரே நர்சிங் கவுன்சிலில். அரசு ஸ்டாஃப் நர்ஸ் வேலைக்கு இருவருமே விண்ணப்பிக்கலாம். நைட் டூட்டியும் இருவருக்கும் உண்டு. பதவி உயர்வு வரும்போது மட்டும் திடீரென்று சான்றிதழைத் தேடினால் யாருக்குத்தான் எரியாது?

வேலூரிலிருந்து இந்தக் கேள்வி வருவது பொருத்தம்தான். அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் இங்கே நிறுவிய சி.எம்.சி. மருத்துவமனையில் 1909இல் நர்சிங் பள்ளி தொடங்கியது. பட்டப்படிப்பு அங்கே வந்தது 1946இல். நடுவில் 37 ஆண்டுகள். அத்தனை காலமும் பட்டம் இல்லாத அக்காக்கள்தான் வார்டைப் பார்த்துக்கொண்டார்கள். முதல் பட்டதாரிகளுக்கு வேலை பழக்கியவர்களிலும் அவர்கள் இருந்திருப்பார்கள்.

குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் வீடுகளில் விசாரித்துப் பாருங்கள். நாலு வருஷ ஃபீஸ் கட்ட வழியில்லாமல் டிப்ளமோவில் சேர்ந்த பெண்கள் இருப்பார்கள். தம்பி படிக்க வேண்டும், சீக்கிரம் சம்பளம் வர வேண்டும். "போஸ்ட் பேசிக் படித்துப் பட்டம் வாங்கலாமே" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அது இரண்டு வருடப் படிப்பு. பிள்ளைகளை வைத்துக்கொண்டு, சம்பளத்தையும் விட்டுவிட்டு எப்படிப் போவது? (லீவு கொடுத்து அனுப்பும் நிர்வாகம் இருந்தால் பாக்கியம்.)

குத்தல் பேச்சைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை. அதைத் தனியாக, நேராகக் கேட்டுவிடுங்கள். பதவியையும் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ஆனால் ஆர்டர் கைக்கு வருமுன் நர்சிங் சூப்பரின்டெண்டைப் பார்த்து, இன்சார்ஜ் தேர்வில் அனுபவத்தையும் கணக்கில் எடுங்கள், அந்த அக்காவுக்கு ஒரு இன்க்ரிமென்டாவது கொடுங்கள் என்று கேளுங்கள். கிடைக்குமா? அநேகமாகக் கிடைக்காது. ஆனால் நீங்கள் கேட்டது சாயங்காலத்துக்குள் அவர் காதுக்குப் போய்விடும், வார்டில் எதுதான் ரகசியம்!