எள் காய் வெடித்துக் கொட்டாமல் இருக்க வழி உண்டா?

கேள்வி: எள்ளில் நுனிக்காய் முற்றட்டும் என்று பொறுத்தால், அதற்குள் அடிக்காய் வெடித்து எள் தரையில் கொட்டிவிடுகிறது. வெடிக்காத ரகம் கிடையாதா?

பதில்: வெடிப்பது நோயல்ல, விதை பரப்பச் செடி வைத்திருக்கும் பிறவிக் குணம். இப்படி வெடிக்கும் காய்களில், தோல்கள் சேரும் தையலில் ஒரு செல் அடுக்கு தளர்ந்துவிடும், பக்கத்து அடுக்கு லிக்னின் (மரத்துக்கு உறுதி தரும் பொருள்) ஏறி விறைத்துவிடும். காய் காய்ந்து சுருங்கும்போது விறைத்த பக்கம் இழுக்க, தளர்ந்த இடம் பிளக்கும். கடுகுக் குடும்பத்து அராபிடாப்சிஸ் செடியில் இந்தத் தையலை அமைக்கும் இரட்டை மரபணுக்களை 2000-ல் கண்டறிந்தார்கள். இரண்டையும் முடக்கினால் காய் வெடிப்பதில்லை. அவற்றின் பங்காளி மரபணு ஒன்றுதான் தக்காளியில் சதை பிடிக்கவும் பழுக்கவும் வைக்கிறது என்பது வேடிக்கை.

வெடிக்காத எள் 1943-லேயே வெனிசுலாவில் கிடைத்தது. ஒற்றை ஒடுங்கு மரபணு (தாய், தந்தை இரு வழியிலும் வந்தால்தான் குணம் காட்டுவது) மாறியதால் வந்தது. ஆனால் இலை கிண்ணம்போல் குவிந்தது, தண்டு முறுக்கியது, விளைச்சல் குறைந்தது; அடித்தாலும் காய் எளிதில் திறக்கவில்லை. அந்த மரபணுவின் வேலை காயோடு நிற்கவில்லை. அதனால், நுனி சற்றே திறந்தாலும் எள்ளை உள்ளேயே பிடித்துவைக்கும் செடிகளைப் பிற்பாடு தேர்ந்தெடுத்தார்கள். கையால் அறுப்பவருக்கு அதுவே போதும்.

எள் அடியிலிருந்து மேலாகப் பூப்பதால் எல்லாக் காயும் ஒன்றாக முற்றாது. நுனிக்காக நீங்கள் காத்திருப்பதுதான் நட்டம். அடியிலைகளில் கால்வாசி உதிர்ந்து, தண்டும் பாதிச் செடிவரை காய்களும் மஞ்சளானதும், அடியிலிருந்து 10-வது காயை உடைத்துப் பாருங்கள். கறுப்பு ரகமாக இருந்து உள்ளே எள் கறுத்திருந்தால் உடனே அறுங்கள், காலைப் பனி ஈரத்தோடு. நுனியில் நாலைந்து பிஞ்சு போனால் போகட்டும்.

அறுத்ததை, நுனி உள்ளேயும் அடித்தண்டு வெளியேயும் இருக்கும்படி வட்டமாக அடுக்கி, மேலே வைக்கோல் மூடி 3 நாள் வையுங்கள். பிறகு தலைகீழாக உலுக்கினால் முக்கால்வாசி எள் கொட்டும். ஒரு நாள் வெயிலில் காயவைத்து மறுபடி உலுக்கினால் மீதியும் வரும். மழையில் நனைந்த அடுக்கை மூடியே வைத்தால் எள் நிறம் மங்கிப் பூசணம் பிடிக்கும், பிரித்து உலர்த்துங்கள்.

விதைக்கு மட்டும் சில நல்ல செடிகளை முழுக்கக் காயவிட்டு, காயைக் கவிழ்த்துத் தட்டுங்கள். சட்டென்று கொட்டாத செடியின் விதையைத் தனியே எடுங்கள். எள் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பதால் குணம் ஓரளவு நிலைக்கும். தேனீ கலப்பதும் உண்டு, ஆகவே ஒவ்வொரு பருவமும் தட்டிப் பார்த்தே எடுங்கள்.