மூணு மாசப் பயிற்சியா, மாமாவோடு சைட்டா? எலெக்ட்ரீசியன் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே விஷயம்தான்: இந்த வேலையைப் படித்துக் கற்பதா, சைட்டில் நின்று கற்பதா? பதிலுக்கு முன், எப்போதும் சொல்வதை இப்போதும் சொல்லிவிடுகிறேன். மெயினை இறக்கு, டெஸ்ட் லேம்ப் (ஒயர் மாட்டிய சோதனை பல்பு) வைத்துப் பார், அப்புறம் கை வை.

கேள்வி: ப்ளஸ் டூ முடித்திருக்கிறேன். மூன்று மாத இலவசப் பயிற்சியில் இடம் கிடைத்திருக்கிறது. வயரிங் காண்ட்ராக்ட் எடுக்கும் என் மாமா, "அங்கே போய் நாளை வீணாக்காதே, என்கூட வா" என்கிறார். எதற்குப் போவது? (உசிலம்பட்டி)

பயிற்சிக்குப் போங்கள். முடித்த மறுநாள் மாமாவோடு கிளம்புங்கள்.

எந்த லோடுக்கு எத்தனை ஸ்கொயர் எம்.எம். ஒயர், டி.பி.யில் (வீட்டுக்குள் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) சர்க்யூட்டை எப்படிப் பிரிப்பது, எம்.சி.பி. (லோடு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) ஏன் ட்ரிப் ஆகிறது என்று ஒருவர் நிதானமாக உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பது அந்த மூன்று மாதம்தான். சைட்டில் உங்கள் மாமாவே நினைத்தாலும் முடியாது. காலையில் சென்ட்ரிங் கம்பி கட்டியிருப்பார்கள், மதியம் காங்கிரீட் வண்டி வந்து நிற்கும், அதற்குள் ஸ்லாபில் பைப் ஓட்டி முடிக்க வேண்டும். "ஏன் மாமா இப்படி?" என்று கேட்டால் "பிடிடா அதை" என்றுதான் பதில் வரும்.

ஆனால் பயிற்சிக்கூடத்துப் பலகையில் செய்த வயரிங்கை நம்பி ஒரு வீட்டைத் தனியாக எடுத்துவிடாதீர்கள். முக்கால் இஞ்ச் பைப்பில் மூன்று பெண்டு (வளைவு) தாண்டி ஐந்து ஒயர் இழுக்கும்போது எங்கே சிக்குகிறது, இன்னும் இழுத்தால் வருமா அல்லது இன்சுலேஷன் உரியுமா என்பது இழுக்கும் கைக்கு மட்டும்தான் தெரியும். அந்தக் கை வர ஒரு வருடமாவது ஆகும்.

இன்னொன்று. இரண்டு வருடம் ஒதுக்க முடியும் என்றால் ஐ.டி.ஐ.யை யோசியுங்கள். மதுரை கோ.புதூரில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. எலெக்ட்ரீசியன் பிரிவுக்குப் பத்தாம் வகுப்பு தேர்ச்சி போதும். மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ் உண்டு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் இன்னும் 1000 ரூபாய். மூன்று மாதச் சான்றிதழும் ஐ.டி.ஐ.யும் ஒன்று என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

கேள்வி: எத்தனை மாதத்தில் முழு எலெக்ட்ரீசியன் ஆகலாம்? (செல்லூர்)

மாதக் கணக்கில் ஆக முடியாது. எதில் தொடங்கினாலும் நாலைந்து வருடம்.

கேள்வி: பிளக்கில் ரெண்டு ஓட்டையிலும் டெஸ்டர் எரிகிறது. 45 நாள் கோர்ஸில் இதைச் சொல்லித் தரவில்லை. என்ன செய்வது? அவசரம். (ஊர் இல்லை)

அவசரம் என்று எழுதத் தெரிகிறது. ஒரு பிளக்கிலா, வீடு முழுக்கவா? சிங்கிள் பேஸா, த்ரீ பேஸா? எதையும் எழுதவில்லை. இதே கேள்வியை மாதம் ஒருவராவது இப்படியே அனுப்புகிறார்கள். விவரம் இல்லாமல் கேட்டால் ஊகித்துத்தான் சொல்ல முடியும், கரண்ட் விஷயத்தில் ஊகம் ஆகாது.

பெரும்பாலும் நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் ஒயர்) எங்கோ விட்டுப் போயிருக்கும். ஆனில் இருக்கும் ஏதோ ஒரு பல்போ ஃபேனோ வழியாக பேஸ் (கரண்ட் வரும் ஒயர்) சுற்றி வந்து நியூட்ரல் ஓட்டையில் நிற்கிறது. த்ரீ பேஸ் சர்வீஸில் மெயின் நியூட்ரல் போயிருந்தால் 230 வோல்ட் சாமானுக்கு 400 வோல்ட் பக்கம் ஏறும், ஃபிரிட்ஜும் டி.வி.யும் புகைந்துவிடும். உடனே மெயினை இறக்குங்கள். கோளாறு மீட்டருக்கு முன்னால் என்றால் நீங்கள் தொடக்கூடாது, மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987 எண்ணில் சொல்லுங்கள்.

கேள்வி: பயிற்சி முடித்து ஒரு மேஸ்திரியிடம் ஹெல்பராக இருக்கிறேன். பிளக் சாக்கெட்டில் நியூட்ரலிலிருந்து எர்த் பின்னுக்கு ஒரு துண்டு ஒயரை லூப் போடச் சொல்கிறார். பயிற்சியில் அது தப்பு என்றார்கள். அவருக்கு 20 வருட அனுபவம். யாரை நம்புவது? (மேலூர்)

தம்பி, பயிற்சியில் சொன்னதை நம்புங்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஒரு இஞ்ச் துண்டு ஒயரோடு நான் 25 வருடமாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஏன் போடுகிறார்கள்? வீட்டில் எர்த் பிட் (கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் குழி) இருக்காது, அல்லது ஒயர் காசை மிச்சம் பிடிக்க எர்த் இழுத்திருக்க மாட்டார்கள். பேஸுக்கும் எர்த்துக்கும் லேம்ப் போட்டுக் காட்டினால் எரிய வேண்டுமே, அதற்காக அந்தத் துண்டு. லேம்ப் பளிச்சென்று எரியும், வீட்டுக்காரரும் எர்த் இருக்கிறது என்று திருப்தியாகிவிடுவார்.

நானும் தொழிலுக்கு வந்த முதல் இரண்டு வருடம் அப்படித்தான் போட்டேன். என் மேஸ்திரி போட்டார், நானும் போட்டேன். அப்புறம் ஒரு மாலை நேர வகுப்பில் சேர்ந்தபோது, வாத்தியார் பலகையில் ஒரு சாக்கெட் மாட்டி, அந்த லூப்பைப் போட்டு, ஓர் அயர்ன் பாக்ஸைச் செருகினார். சூடாகியது, ஒரு குறையும் இல்லை. பிறகு மெயினை இறக்கிவிட்டு, பின்னால் சாக்கெட்டுக்கு வரும் நியூட்ரல் ஒயரை மட்டும் கழற்றினார், லூப் அப்படியே இருந்தது. மறுபடி ஆன் செய்து, அயர்ன் பாக்ஸின் மேல் தகட்டுக்கும் வெளியே நிஜ எர்த் கம்பிக்கும் நடுவில் அறுபது வாட்ஸ் டெஸ்ட் லேம்பைப் பிடித்தார். குபீரென்று எரிந்தது. அந்த லேம்ப் இருந்த இடத்தில் ஒரு மனுஷனின் கை இருந்திருக்கலாம். அந்த இரண்டு வருடத்தில் நான் வயரிங் செய்த வீடுகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன, அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. அடுத்த இரண்டு மாதம், ஞாயிற்றுக்கிழமைகளில் போய் நினைவிருந்த வீடுகளில் எல்லாம் சாக்கெட்டைத் திறந்து அந்தத் துண்டை எடுத்துவிட்டு வந்தேன்.

கணக்கு இதுதான். நியூட்ரல் எங்கே லூஸானாலும், பேஸ் அந்தச் சாமானுக்குள் புகுந்து, நியூட்ரல் பின்னுக்கு வந்து, துண்டு ஒயர் வழியாக பாடிக்கு (சாமானின் வெளித் தகட்டுக்கு) ஏறிவிடும். மாவு ஆட்டிய ஈரக் கையோடு கிரைண்டரைத் தொடும் அம்மாவின் உடம்புத் தடையை 1000 ஓம் என்று வைத்தால், பாய்வது 200 மில்லி ஆம்பியருக்கு மேல். கரண்ட் கசிந்தால் தானாக விழும் சுவிட்சான ஆர்.சி.சி.பி.யை 30 மில்லி ஆம்பியரில் ட்ரிப் ஆகும்படி வைத்திருப்பது ஏன் என்று இதிலிருந்தே புரியும்.

ஆர்.சி.சி.பி. உள்ள வீட்டில் இன்னொரு கூத்து நடக்கிறது. நிஜ எர்த்தும் இருந்து இந்த லூப்பும் இருந்தால், நியூட்ரலில் திரும்ப வேண்டிய கரண்டில் ஒரு பங்கு எர்த்தில் போய்விடும். போனதும் வந்ததும் சமமாக இல்லை என்று ஆர்.சி.சி.பி. விழும். உடனே மேஸ்திரி, "இது சும்மா சும்மா விழுது, கம்பெனி சரியில்லை" என்று அதைப் பைபாஸ் செய்துவிடுவார். காப்பாற்ற வைத்த சாமானைக் கழற்றிப் போட்டுவிட்டு, கொல்லக்கூடிய துண்டை உள்ளேயே விட்டுவிடுகிறார்கள்.

உங்கள் மேஸ்திரி கெட்டவர் இல்லை, அவருக்கு யாரும் அந்த டெஸ்ட் லேம்பைப் பிடித்துக் காட்டவில்லை. 20 வருடம் என்பது அவர் கையில் இருக்கிறது, மறுக்கவில்லை. பைப் ஓட்டுவதிலும் ஒயர் இழுப்பதிலும் அவர் சொல்வதைக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். ஆனால் சைட் அனுபவத்தில் வித்தையும் வரும், முந்தின ஆளின் தப்பும் கூடவே வரும். எது எது என்று பிரித்துப் பார்க்கத்தான் அந்த மூன்று மாதப் பாடம். ஆட்கள் முன்னால் எதிர்த்துப் பேசாதீர்கள். சாப்பாட்டு நேரத்தில் தனியாகக் கேளுங்கள். கேட்கவில்லை என்றால், உங்கள் கையால் அந்தத் துண்டைப் போடாதீர்கள். அதற்காக வேலை போனால் வேறு மேஸ்திரி கிடைப்பார்.

கேள்வி: 15 வருடமாக வயரிங் செய்கிறேன். எட்டாவதோடு நின்றவன், ஒரு பேப்பரும் கையில் இல்லை. இனிமேல் சான்றிதழ் வாங்க வழி உண்டா? (வாடிப்பட்டி)

நிச்சயம் உண்டு, உங்களைப் போன்றவர்களுக்காகவே வைத்திருக்கிறார்கள். மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்று பெயர். வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நடத்துகிறது. 21 வயது முடிந்திருக்க வேண்டும், ஐந்து வருடத்துக்குக் குறையாத வயரிங் அனுபவம் வேண்டும். மேல் வயது வரம்பு இல்லை. எழுத்தும் உண்டு, செய்முறையும் உண்டு. செய்முறையில் நீங்கள் ஜெயித்துவிடுவீர்கள், எழுத்துக்குத்தான் படிக்க வேண்டும். அறிவிப்பு எப்போது என்று அரசு ஐ.டி.ஐ.யில் விசாரித்து வையுங்கள். இத்தனை வருடம் சும்மா விட்டதுதான் எனக்கு வருத்தம், இந்தத் தடவை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: என் பையனை ஆறு மாத கோர்ஸில் சேர்க்க 40,000 ரூபாய் கேட்கிறார்கள். முடித்தால் ஈ.பி.யில் வேலை உறுதி என்கிறார்கள். கட்டலாமா? (திருமங்கலம்)

கட்டாதீர்கள். மின்வாரியத்தில் களப்பணி உதவியாளர் வேலைக்கே ஐ.டி.ஐ. கேட்கிறார்கள், தேர்வும் எழுத வேண்டும். எந்தத் தனியார் பயிற்சி நிலையமும் அந்த வேலையை உறுதி சொல்ல முடியாது. ஹவுஸ் வயரிங்கை ஒரு மாதம் இலவசமாகவே சொல்லித் தரும் பயிற்சி நிலையங்களை வங்கிகள் நடத்துகின்றன. அங்கே அனுப்புங்கள், இல்லை என்றால் நேராக ஐ.டி.ஐ.

கேள்வி: பெண்கள் எலெக்ட்ரீசியன் ஆக முடியுமா? வீட்டில் சிரிக்கிறார்கள். (அவனியாபுரம்)

முடியும், வாங்க. அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் ஐ.டி.ஐ.யில் சேர்ந்தாலும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் உண்டு. பேனல் போர்டு வயரிங்கில் கைச் சுத்தமும் பொறுமையும்தான் வேலை. கப்பலூர், கோ.புதூர் தொழிற்பேட்டைகளில் விசாரித்துப் பாருங்கள்.

கேள்வி: ஹெல்பராகச் சேரப் போகிறேன். முதலில் என்ன டூல்ஸ் வாங்க? (ஆனையூர்)

நல்ல இன்சுலேஷன் உள்ள கட்டிங் பிளையர், இரண்டு ஸ்க்ரூ டிரைவர், ஒரு ஸ்ட்ரிப்பர், சாதாரண மல்டிமீட்டர். ரப்பர் சோல் ஷூ கட்டாயம், வெறுங்காலோடு சைட்டில் நிற்காதீர்கள். பேனா டெஸ்டர் ஒன்றை மட்டும் நம்பி எந்த ஒயரிலும் கை வைக்காதீர்கள். ஒரு ஹோல்டர், பல்பு, நல்ல இரண்டு முழ ஒயர், இதை வைத்து டெஸ்ட் லேம்ப் நீங்களே கட்டிவிடலாம். முதலில் கரண்ட் இருக்கும் பாயிண்டில் வைத்து அது எரிகிறதா என்று பாருங்கள். அப்புறம் மெயினை இறக்கிவிட்டு, வேலை செய்யப்போகும் இடத்தில் வையுங்கள். எரியவில்லை என்றால், திரும்பவும் பழைய பாயிண்டுக்குப் போய், பல்பு ஃபியூஸாகவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் ஒயரைத் தொட வேண்டும்.