பழைய பென்ஸ் கார்கள்: வன்னி வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

பழைய சொகுசுக் கார்களைப் பற்றிய ஐயங்களை எழுதி அனுப்புமாறு கேட்டிருந்தோம். வன்னியிலிருந்து வந்த கடிதங்களுள் மிகப் பல மேர்சிடிஸ் பென்ஸ் கார்களைப் பற்றியவையாகவே இருந்தன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறக்கப்பட்டது என்பதால், முப்பது வயதுக் கார்களும் கொட்டிலிலிருந்து வீதிக்கு வந்துவிட்டன. எழுதுபவர்களிடம் ஒரு வேண்டுகோள். “சூடாகிறது”, “நடுங்குகிறது” என்று மட்டும் எழுதினால் பதில் சொல்வது கடினம். எந்த நேரத்தில், எந்த வேகத்தில், எதைச் செய்த பின்னர் அவ்வாறு நேர்கிறது என்பதையும் எழுதுங்கள். பழுதின் முக்கால் பங்கு விடை அந்தச் செய்தியிலேயே இருக்கும். கீழே முதலாவதாக வரும் கடிதம் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

கேள்வி: என்னிடம் 1990ஆம் ஆண்டின் 230ஈ கார் இருக்கிறது. அதைத் திருமணங்களுக்கு வாடகைக்கு விடுகிறேன். ஏ9 வீதியில் எண்பது கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்போது வெப்பமுள் 85 பாகையில் அசையாமல் நிற்கிறது. மணமக்களை ஏற்றிக்கொண்டு மேளத்தின் பின்னால் ஊர்ந்து போகும்போது 110ஐத் தாண்டுகிறது. முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினாலும் முள் மேலே ஏறியிருக்கிறது. ஒரு கராஜில், தண்ணீர் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தேர்மோஸ்ரற்றைக் கழற்றிவிட்டு, “வெயில் நாட்டுக்கு இது தேவையில்லை” என்றார்கள். இப்போது ரேடியேற்றரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா? (வாசகர், கிளிநொச்சி)

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். உங்கள் கடிதமே ரேடியேற்றருக்காக வாதாடுகிறது. உள்ளே உப்புப் படிந்து அடைபட்ட ரேடியேற்றர் பெரும்பாலும் வேகமாக ஓடும்போதும் மேட்டில் ஏறும்போதும்தான் தோற்றுப்போகும். ஏனெனில் எஞ்சின் அதிக வெப்பத்தைத் தள்ளுவது அப்போதுதான். ஓடும்போது குளிர்ந்திருந்து ஊரும்போது சூடாகிறது என்றால், தண்ணீர் ஓடுகிறது, காற்றுத்தான் ஓடவில்லை. எண்பதில் போகும்போது வீதிக் காற்றே வேலையைச் செய்துவிடுகிறது. மேளத்தின் பின்னால் போகும்போது அந்த வேலை முழுவதும் விசிறியின் தலையில் விழுகிறது. ஏசியும் போட்டிருப்பீர்கள்; அதன் வெப்பம் ரேடியேற்றருக்கு முன்னாலேயே வெளியேறி, சூடான காற்றாக ரேடியேற்றருக்குள் புகுகிறது.

எனவே முதலில் விசிறியைப் பாருங்கள். இந்த வகைக் கார்களில் எஞ்சினோடு சேர்ந்து சுழலும் விசிறி எப்போதும் முழுப் பலத்துடன் சுழல்வதில்லை. சூடேறிய பின்னரே ஒரு பிடி அதை எஞ்சினோடு இறுகக் கோக்கும். அந்தப் பிடி சில கார்களில் சிலிக்கோன் எண்ணெயால் இயங்கும். சிலவற்றில் வயர் போகும் மின்காந்தத்தால் இயங்கும். எண்ணெய்ப் பிடியானால், எஞ்சின் நின்றிருக்கும்போது குளிரில் ஒரு தடவையும் நன்றாகச் சூடேறிய பின்னர் ஒரு தடவையும் கையால் சுழற்றிப் பாருங்கள். சூட்டில் கை உணரும் தடை தெளிவாகக் கூடியிருக்க வேண்டும். இரண்டு முறையும் பம்பரம்போல் சுழன்றால் எண்ணெய் ஒழுகிவிட்டது. மின்காந்தப் பிடியானால், சூடேறியதும் அதை இயக்கும் வெப்ப ஆளிக்கு வரும் இரண்டு வயர்களையும் சிறு வயரொன்றால் இணைத்துவிட்டு எஞ்சினை இயக்கினால் விசிறி உடனே பிடித்து இரைய வேண்டும். இரைந்தால் பழுது ஆளியில். இரையாவிட்டால் பியூஸிலோ வயரிலோ பிடியிலோ தேடுங்கள். இவை தவிர, ரேடியேற்றருக்கு முன்னால் மின்விசிறிகளும் உள்ளன. அவை 105 பாகைக்குச் சற்று மேலே முழு வேகத்தில் சுழலத் தொடங்க வேண்டும்.

அடுத்தது, ஏசியின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சருக்கும் ரேடியேற்றருக்கும் இடையே உள்ள ஒடுங்கிய இடைவெளி. அறுவடைக் காலத்தில் சூடடித்த தூசும் சப்பியும் பூச்சிச் சிறகும் அங்கே பாய் முடைந்தது போலப் படிந்திருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, மென்மையான தண்ணீர்த் தாரையால் கழுவ வேண்டும். சேர்விஸ் நிலையத்தின் உயர் அழுத்தத் துப்பாக்கியை அதற்குப் பாவித்தால் தகடுகள் மடிந்து, இருந்த காற்று வழியும் அடைபட்டுவிடும்.

தேர்மோஸ்ரற்றைக் கழற்றியது பெரும் பிழை. வெயில் நாட்டுக்கு அது வேண்டாம் என்ற எண்ணம் நம் கராஜ்களில் வேரூன்றிய ஒன்று. உங்கள் காரின் தேர்மோஸ்ரற் இரண்டு வேலைகளைச் செய்கிறது. சூடேறியதும் ரேடியேற்றர் வழியைத் திறக்கிறது. அதே அசைவில், ரேடியேற்றருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும் குறுக்கு வழியை மூடுகிறது. அதைக் கழற்றினால் குறுக்கு வழி எப்போதும் திறந்திருக்கும். தண்ணீரில் ஒரு பங்கு குளிராமலே திரும்பிவிடும். 87 பாகையில் திறக்கும் புதிய தேர்மோஸ்ரற்றை வாங்கி, போடுவதற்கு முன்னர் ஒரு சட்டியில் தண்ணீர் கொதிக்கவைத்து அது திறக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பூட்டுங்கள்.

முறிகண்டியில் காண்பது பழுதன்று. நெடுந்தூரம் ஓடிவிட்டு எஞ்சினை நிறுத்தியதும் தண்ணீர் நின்றுவிடுகிறது, இரும்பின் வெப்பம் நிற்பதில்லை; சில நிமிடங்களுக்கு முள் ஏறத்தான் செய்யும். மீண்டும் இயக்கிய ஓரிரு நிமிடத்தில் இறங்கினால் கவலைப்படத் தேவையில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கிணற்றுத் தண்ணீர் ஊற்றுகிறீர்களா? வன்னியின் பெரும்பாலான கிணறுகளின் தண்ணீரைக் கொதிக்கவைக்கும்போது கேத்திலில் வெண்மையாகப் படியும் அதே உப்புத்தான் எஞ்சினுக்குள்ளும் படிகிறது. ரேடியேற்றர் தண்ணீரில் கலக்கும் கூலன்ற்றைக் குளிர் நாட்டுக்கான பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். நமக்கு உறைபனி இல்லை என்பது உண்மையே ஆயினும், அலுமினிய சிலிண்டர் ஹெட்டை அரிப்பிலிருந்து காக்கும் மருந்து அதில்தான் இருக்கிறது. கடையில் விற்கும் பற்றரித் தண்ணீரையும் கூலன்ற்றையும் சரிபாதியாகக் கலந்து ஊற்றி, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஏற்கெனவே படிந்திருந்தால் சிற்றிக் அமிலக் கரைசலை ஊற்றி, எஞ்சினைச் சூடேற்றி ஓடவிட்டு, ஆறிய பின்னர் வடித்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை பல தடவை அலச வேண்டும். இவ்வளவும் செய்த பின்னரும் சூடேறினால் அப்போது ரேடியேற்றரைப் பற்றிப் பேசலாம். குளிர்ந்த எஞ்சினை இயக்கிய ஒரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸ் கல்லாக இறுகினாலோ, ஒழுக்கே இல்லாமல் தண்ணீர் குறைந்தாலோ, சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் அடைப்பாக இருக்கும் ஹெட் காஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். அந்த நிலையில் காரை ஊர்வலத்துக்கு அனுப்பாதீர்கள்.

கேள்வி: அப்பா விட்டுச்சென்ற 240டி டீசல் காரைப் பாவிக்கிறேன். சாவியைத் திருப்பி வெளியே எடுத்த பின்னரும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கிறது. கியரில் போட்டு கிளச்சை விட்டுத்தான் நிறுத்துகிறேன். சாவிப் பூட்டை மாற்றியும் பயனில்லை. (வாசகி, முல்லைத்தீவு)

பதில்: அம்மா, பழுது சாவியில் இல்லை, கதவில் இருக்கக்கூடும். கேலி செய்வதாக நினைக்க வேண்டாம்.

பெற்றோல் எஞ்சினுக்கு மின்பொறியை நிறுத்தினால் போதும். டீசலுக்குப் பொறியே கிடையாது. எண்ணெயை நிறுத்தினால்தான் நிற்கும். உங்கள் 240டி போன்ற, 1976இல் வெளிவந்த டபிள்யூ 123 வரிசைக் கார்களில் அதை மின்சாரம் செய்வதில்லை, வெற்றிடம் செய்கிறது. எஞ்சினின் முன்பக்கத்தில் உள்ள வெற்றிடப் பம்பு காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் அந்த உறிஞ்சல் மெல்லிய குழாய் வழியாகச் சென்று, எஞ்சினுக்கு எண்ணெயைத் தள்ளும் இன்ஜெக்ஷன் பம்பில் உள்ள சிறு சவ்வை இழுத்து எண்ணெயை மூடுகிறது. அதே வெற்றிடம்தான் கதவுகளின் மையப் பூட்டையும் இயக்குகிறது. ஆகவே பின்கதவுக்குள் ஒரு ரப்பர்ச் சவ்வு கிழிந்தால், உறிஞ்சல் அவ்வழியே வீணாகி எஞ்சின் நிற்க மறுக்கும்.

இதைக் கண்டுபிடிக்கக் காசு தேவையில்லை. பொனற்றுக்குள் மஞ்சள் நிறமோ மஞ்சள் கோடோ உள்ள மெல்லிய குழாயைத் தேடுங்கள்; கதவுப் பூட்டுகளுக்குப் போவது அதுதான். அதைக் கழற்றி, வெற்றிடம் வரும் பக்கத்தின் வாயை ஒரு சிறு திருகாணியால் இறுக அடைத்துவிட்டு, எஞ்சினை ஓடவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். உடனே நின்றால் ஒழுக்கு கதவுகளின் பக்கம். பின்னர் ஒவ்வொரு கதவாகப் பிரித்துத் தேடலாம். நிற்காவிட்டால், சாவிப் பூட்டின் பின்னால் உள்ள வால்வையும் இன்ஜெக்ஷன் பம்பிலுள்ள சவ்வையும் அதற்குப் போகும் பழுப்புநிறக் குழாயின் ரப்பர் இணைப்புகளையும் பார்க்க வேண்டும். நாற்பது ஆண்டு வெயிலில் அந்த ரப்பர்கள் கருவாடாகியிருக்கும். எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றிவிடுவது மேல்.

கியரில் போட்டு நிறுத்துவதைக் கைவிடுங்கள். எஞ்சினின் மேல், இன்ஜெக்ஷன் பம்பின் நெம்புத் தொகுதியில் நிறுத்துவதற்கென்றே ஒரு கைப்பிடி உண்டு. பொனற்றைத் திறந்து அதை அழுத்தினால் எஞ்சின் அடங்கும். பிறேக்கை இலகுவாக்கும் பூஸ்ரரும் அதே வெற்றிடப் பம்பை நம்பியே இருக்கிறது. பெடல் வழக்கத்தைவிட இறுகினால் காரை ஓட்ட வேண்டாம். வெற்றிடப் பம்பிலிருந்து தட்டும் ஓசை வந்தாலும் தாமதிக்கக் கூடாது. அதன் பந்துத் தாங்கி உடைந்து எஞ்சினுக்குள் விழுந்து ரைமிங் சங்கிலியைச் சிதைத்த கதைகள் இந்த வகை டீசல்களில் உண்டு.

கேள்வி: 1994ஆம் ஆண்டு ஈ220. காலையில் நடுங்குகிறது, மழை பெய்தால் இன்னும் மோசம். மூன்று கராஜ்களில் பிளக், கொயில், சென்சர் எல்லாம் மாற்றிவிட்டார்கள். (வாசகர், வவுனியா)

பதில்: ஆண்டைக் கண்டதும் எனக்குப் பொறிதட்டியது. ஏறத்தாழ 1992 முதல் 1995 வரை வந்த இந்த எஞ்சின்களின் வயர்த் தொகுதியில், மண்ணில் மக்கக்கூடிய உறை பயன்படுத்தப்பட்டது. எஞ்சினின் வெப்பத்தில் அந்த உறை காய்ந்த அப்பளம்போல் நொறுங்கி, வயர்கள் உள்ளுக்குள் ஒன்றையொன்று தொடுகின்றன. ஈரம் சேர்ந்தால் தொடுவது கூடுகிறது. பற்றரியைக் கழற்றிவிட்டு, ஹெட்டுக்கு அருகே ஒரு வயர் இணைப்பின் வெளிச் சுற்றை ஓர் அங்குலம் விலக்கிப் பாருங்கள். உள்ளே நிறநிற வயர்களின் உறை வெடித்திருந்தால் விடை அதுவே. ரேப் சுற்றிச் சமாளிக்க வேண்டாம். குறுக்குத் தொடர்பு ஏற்பட்டால் எஞ்சின் கணினியும் மின் திறொட்டிலும் சேர்ந்து போகும். அதே ஆண்டுக் காரொன்றிலிருந்து பாவித்த தொகுதியை வாங்குவதும் வீண், ஏனெனில் அதிலும் அதே உறைதான். முன்னைய சொந்தக்காரர் மாற்றியிருக்கவும் கூடும் என்பதால் தொகுதியில் திகதிச் சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள். எலி கடித்த இடம் உண்டா என்பதையும் கவனியுங்கள்; நெல் மூட்டை அடுக்கும் கொட்டிலில் கார் நின்றால் அது நடக்கும்.

மூன்று கராஜ்களையும் நான் திட்டப்போவதில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், சில துளி பெற்றோலில் எஞ்சினை உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் மொறிஸ் மைனரையும் ஒஸ்ரினையும் ஓடவைத்த மண் இது. காதால் கேட்டு, கையால் தடவிப் பழுதறியும் அந்தத் திறமையை மதிக்கிறேன். ஆனால் கணினி பார்த்து எரிபொருள் விடும் எஞ்சினுக்கு முதலில் மின்சாரத்தை அளக்கும் மல்ரிமீற்றரைப் பிடிக்க வேண்டும், பிறகுதான் ஸ்பானரை.

கேள்வி: கனடாவில் இருக்கிறேன். மாங்குளத்தில் நிற்கும் என் காரை என் தம்பி வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் இயக்கி வைக்கிறார். அப்படியிருந்தும் பற்றரி இறங்கிவிடுகிறது. (வாசகர்)

பதில்: அந்த ஐந்து நிமிடம் நன்மையைவிடத் தீமையே அதிகம் செய்கிறது. ஸ்ராற்றர் குடித்த மின்சாரம்கூடப் பற்றரிக்குத் திரும்புவதில்லை. எஞ்சின் சூடேறாததால் சைலன்சருக்குள்ளும் எண்ணெயிலும் ஈரம் தங்கிவிடுகிறது. இரு வாரத்துக்கு ஒருமுறை முறிகண்டிவரை ஓட்டித் திரும்பச் சொல்லுங்கள், அது போதும். எல்லாவற்றையும் அணைத்த பின்னரும் கார் இழுக்கும் மின்சாரத்தையும் அளக்கச் சொல்லுங்கள். 50 மில்லி அம்பியர் இழுத்தால் நாளொன்றுக்கு 1.2 அம்பியர்-மணி போகும். 60 அம்பியர்-மணி பற்றரி மூன்றரை வாரத்தில் பாதியாகும். 300 மில்லி அம்பியரானால் எட்டு நாளில் முழுவதும் காலி. பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்ற, எதைக் கழற்றும்போது மீற்றர் விழுகிறதோ அங்கேதான் திருடன். பிறேக் எண்ணெய் ஓடாமல் நின்றாலும் ஈரத்தை உறிஞ்சும் என்பதால் ஈராண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ரயரின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கங்களையும் பார்க்கச் சொல்லுங்கள். 2314 என்றிருந்தால் அது 2014ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்து ரயர். ரயரின் பூவெட்டு எவ்வளவு மிச்சமிருந்தாலும் அதை நம்பி ஏ9இல் ஏறக் கூடாது.

கேள்வி: 1998ஆம் ஆண்டு ஈ வகுப்புக் காரொன்று விலைக்கு வந்திருக்கிறது. பெயின்ற் புத்தம்புதிதாக மின்னுகிறது. வாங்கலாமா? (வாசகர், புதுக்குடியிருப்பு)

பதில்: மின்னுவதால்தான் தயங்குகிறேன். அந்த டபிள்யூ 210 வரிசையின் பலவீனம் எஞ்சினில் இல்லை, துருவில் இருக்கிறது. அதிலும் கடற்காற்று பட்ட காரென்றால் கேட்கவே வேண்டாம். முன்சில்லைக் கழற்றி, சுருள் ஸ்பிறிங்கின் மேல்முனையைத் தாங்கும் இரும்புக் கிண்ணம் உடலோடு ஒட்டப்பட்ட இடத்தை ரோர்ச் வெளிச்சத்தில் பார்த்து, திருப்புளியால் குத்திப் பாருங்கள். அங்கே துரு உதிர்ந்தால் விலையைப் பேசவே வேண்டாம். சில்லைக் கழற்ற விற்பவர் சம்மதிக்காவிட்டாலும் அதே முடிவுதான்.