உங்கள் விளக்கத்தின் ஏழாவது பக்கம்

கேள்வி: வட்டாட்சியர் அலுவலகத்தில் உதவியாளராக இருக்கிறேன். சர்வீஸ் 16 வருடம். 2021 ஜூனில் மனைவி பெயரில் மூன்றரை சென்ட் மனை வாங்கினோம். துறைக்கு முன்கூட்டித் தெரிவிக்கவில்லை. என்மீது பொறாமை கொண்ட சக ஊழியர் ஒருவர் மொட்டைக் கடிதம் போட்டு, இப்போது 17(பி) மெமோ, அதாவது பெரிய தண்டனைக்கான குற்றச்சாட்டு, வந்திருக்கிறது. 16 வருடத்தில் ஒரு ரூபாய் கை நீட்டி வாங்கியதில்லை. மனைவி இரண்டு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த வருடம் துணை வட்டாட்சியர் பட்டியலில் என் பெயர் வர வேண்டும். அந்த ஊழியர் மீது மானநஷ்ட வழக்கு போடலாமா? அவர் சொத்து விவரத்தை ஆர்டிஐயில் கேட்கலாமா? பதில் கொடுக்க 9 நாள் இருக்கிறது. நான் எழுதிய 11 பக்க விளக்கத்தை இணைத்திருக்கிறேன்.

பதில்: சக ஊழியரை முதலில் முடித்துவிடுவோம். மெமோவில் இருப்பது உங்கள் மனை. புகார் கொடுத்தவருடைய மனசு அங்கே விசாரணையில் இல்லை. பொறாமையில் எழுதினாலும் எழுதியது உண்மையாக இருந்தால் மெமோ நிற்கும். மொட்டைக் கடிதம் அவர்தான் போட்டார் என்று எப்படி நிரூபிப்பீர்கள்? ஆர்டிஐயும் கைகொடுக்காது. அரசு ஊழியரின் சொத்து விவரம் தனிப்பட்ட தகவல், பெரிய பொதுநலன் இருப்பதாகக் காட்டினால்தான் கிடைக்கும் என்று உச்ச நீதிமன்றம் 2012லேயே கிரீஷ் தேஷ்பாண்டே வழக்கில் சொல்லிவிட்டது. "அவரும்தான் மாடி வீடு கட்டியிருக்கிறார், அவரை ஏன் கேட்கவில்லை" என்று மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அவர் தப்பித்தார் என்பதற்காக உங்களை விட்டுவிட மாட்டார்கள். அந்த மூன்று பக்கத்தையும் கிழித்துவிடுங்கள்.

உங்கள் விளக்கத்தை இரண்டு தடவை படித்தேன். ஏழாவது பக்கத்தின் நடுவில் ஒரு வரி இருக்கிறது: "மனையை விற்றவர் எங்கள் அலுவலகத்துக்கு அடிக்கடி வந்து போகிறவர், நல்ல பழக்கம், அதனால் 18 லட்சம் போகிற இடத்தை எனக்காக 14 லட்சத்துக்குக் கொடுத்தார்." உங்கள் நேர்மைக்குச் சாட்சியாக இதை எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரியைப் படித்ததும் பகீரென்றது.

மெமோ என்ன சொல்கிறது? குடும்ப உறுப்பினர் பெயரில் அசையாச் சொத்து வாங்கியதைத் தெரிவிக்கவில்லை, 1973 நடத்தை விதிகளின் 7வது விதியை மீறினீர்கள். அவ்வளவுதான். இதற்கு வேலை போகாது. ஆனால் அதே விதியில், உங்களோடு அலுவல் தொடர்பு உள்ளவரிடமிருந்து வாங்கினால் தெரிவித்தால் மட்டும் போதாது, முன் அனுமதியே வேண்டும் என்றும் இருக்கிறது. அதுகூடப் பரவாயில்லை. ஊழல் தடுப்புச் சட்டத்தின் 11வது பிரிவை யாரும் படிப்பதில்லை. தன் அலுவலகத்தில் வேலை நடக்கிற, அல்லது நடக்கப்போகிற ஒருவரிடமிருந்து, விலை போதாது என்று தெரிந்தே ஒன்றைப் பெறுவது அந்தப் பிரிவில் குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறை. கோப்பைப் பார்த்தது நீங்களாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, உங்கள் மேலதிகாரி பார்க்கும் வேலையாக இருந்தாலும் பிரிவு வரும். லஞ்சம் என்ற வார்த்தையே அதற்குத் தேவையில்லை.

இடத்தின் மதிப்பு 18 லட்சம் என்று உங்கள் கையாலேயே எழுதுகிறீர்கள். கொடுத்தது 14 என்கிறீர்கள். பத்திரத்தில் இருப்பது 9. துறை கேட்டது ஒரு கேள்வி. நீங்கள் கொடுக்கப்போவது மூன்று தொகை. 9 என்றால் மாமனார் கொடுத்த 6, நகை அடகு 3 சரியாகப் போகிறது, உங்கள் சேமிப்பு 5 லட்சம் எங்கே போனது? 14 என்றால் பத்திரம் பொய். 18 என்றால் மேலே சொன்ன பிரிவு. விஜிலென்ஸ்காரர்கள் ஆறு மாதம் அலைந்து எடுக்க வேண்டிய வாக்குமூலத்தை, கையெழுத்துப் போட்டு நீங்களே தபாலில் அனுப்புகிறீர்கள்.

இது கற்பனை பயம் இல்லை. உள்ளாட்சியில் பொறியாளராக இருந்தவர், பின்னால் நான் வழக்கு பார்த்த ஒருவர், கார் வாங்கியதைத் தெரிவிக்காததற்கு வந்த மெமோவுக்கு என்னிடம் கேட்காமல் பதில் எழுதினார். ஒப்பந்தக்காரர் நண்பர் வட்டியில்லாமல் கடன் கொடுத்தார், திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று பெருமையாக எழுதியிருந்தார். கார் விஷயம் அதோடு மறைந்துபோனது. அந்த ஒப்பந்தக்காரரின் பில்களை எடுத்தார்கள். என்னிடம் வந்தபோது சஸ்பென்ஷன் உத்தரவு கையில் இருந்தது. கிரிமினல் வழக்கில் விடுதலை ஆகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று கடைசிவரை நம்பினார். சாட்சி போதாமல் விடுதலை ஆனாலும் துறை தன் தண்டனையைக் கொடுக்கலாம். 2012ல் சமுத்திரம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது அதுதான், அதுவும் நம் மாநிலத்து வழக்கு.

இப்போது நீங்கள் உட்கார்ந்து யோசிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. விற்றவருடைய மனு, பட்டா மாறுதலோ உட்பிரிவோ எதுவோ, 2021ஐ ஒட்டி உங்கள் அலுவலகத்தில் இருந்ததா? எந்தக் கோப்பிலாவது உங்கள் சுருக்கொப்பம் இருக்கிறதா? என்னிடம் உண்மையைச் சொல்லுங்கள், நான் விசாரணை அதிகாரி இல்லை. இருந்தது என்றால் தனியாகப் பதில் எழுதாதீர்கள். கால நீட்டிப்பு கேட்டு இரண்டு வரி அனுப்பிவிட்டு, சர்வீஸ் வழக்கும் ஊழல் தடுப்பு வழக்கும் இரண்டும் பார்க்கிற வக்கீலிடம் ஆவணங்களோடு போங்கள்.

இல்லை என்றால், அவர் வந்து போனது டீ குடிக்கவோ ஊர்ப் பேச்சுக்கோ மட்டும்தான் என்றால், உங்கள் பதில் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. மனை வாங்கியது உண்மை, தெரிவிக்கத் தவறியது உண்மை, மறைக்கும் நோக்கம் இல்லை, பத்திரமே பதிவு செய்யப்பட்ட பொது ஆவணம், இதோ நகல், பணம் வந்த வழிக்கு வங்கி ஆவணங்கள் இதோ, இது முதல் தவறு என்பதால் சிறு தண்டனைக்கான 17(ஏ)வாகக் கருதி முடிக்க வேண்டுகிறேன். "குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்" என்று மொட்டையாக எழுதாதீர்கள். அதை வைத்து விசாரணையே இல்லாமல் பெரிய தண்டனை கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கேட்காததைச் சொல்ல வேண்டாம், கேட்டதற்குப் பொய்யும் வேண்டாம். விலை எவ்வளவு என்று விசாரணையில் நேராகக் கேட்டால் அப்போது என்ன சொல்வது என்பது நேரில் பேச வேண்டிய விஷயம்.

கண்டனமோ, பின்வரும் உயர்வுகளைப் பாதிக்காமல் ஒரு வருட ஊதிய உயர்வு நிறுத்தமோ வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். மேல்முறையீடு, ரிட் என்று சங்கத்து நண்பர்கள் உசுப்பேற்றுவார்கள். 17(பி) நிலுவையில் இருக்கும்வரை துணை வட்டாட்சியர் பட்டியல் உங்களுக்குக் கிடையாது. தண்டனை நடப்பில் இருக்கும்போதும் கிடையாது. சின்ன தண்டனையை வாங்கி ஒரு வருடம் தள்ளிப்போவதும், நிரபராதி என்று நிரூபிக்க ஐந்து வருடம் வழக்காடிவிட்டு ஜூனியர்களுக்குக் கீழே வேலை பார்ப்பதும் ஒன்றா? கௌரவம் போகிறதே என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

உங்களைப் போன்றவர்கள் இந்த 9 நாளில் செய்யும் இன்னும் சில காரியங்கள் உண்டு. தபால் பிரிவில் தெரிந்தவரைப் பிடித்து, 2021 மே மாதத் தேதியில் ஒரு தகவல் கடிதத்தைப் பதிவேட்டில் செருகுவது. வரிசை எண் இடிக்கும், எழுதிய மை இடிக்கும், கோப்பில் நகல் இருக்காது. விதி மீறல் ஆவணப் புனைவாக மாறி, உதவி செய்தவருக்கும் சேர்த்து வேலை போகும். அப்புறம் மாமனாரிடம் பழைய தேதி போட்டு முத்திரைத்தாளில் கடன் பத்திரம் வாங்குவது. முத்திரைத்தாள் எப்போது, யாருக்கு விற்கப்பட்டது என்று கருவூலத்திலும் விற்பனையாளரிடமும் பதிவு இருக்கும். தவிர அவர் 6 லட்சத்தை ரொக்கமாகக் கொடுத்ததாகச் சொல்கிறீர்கள். ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது 2017 முதல் வருமான வரிச் சட்டம், அன்பளிப்பானாலும் சரி. வாங்கியவருக்கு, அதாவது உங்கள் மனைவிக்கு, அதே அளவு தொகை அபராதம் வரலாம். கடன் என்று எழுதினால் வரம்பு 20,000 ரூபாய்தான். மாமனாரைக் காப்பாளராக நினைக்கிறீர்கள். வருமானத்துக்கு மிஞ்சிய சொத்து வழக்கு என்று வந்தால் உடந்தையாக இருந்த உறவினர்களையும் சேர்க்கலாம் என்று 1999ல் நல்லம்மாள் வழக்கில் தீர்ப்பு இருக்கிறது.

பயமுறுத்தியது போதும். உங்கள் பக்கமும் ஒன்று இருக்கிறது. முன்பு, துறைக்குத் தெரிவித்த வருமானம்தான் தெரிந்த வருமானம் என்று ஊழல் தடுப்புச் சட்டம் சொன்னது. 2018 திருத்தத்தில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள், சட்டப்படி வந்த வருமானம் என்றால் போதும். ஆகவே தெரிவிக்கவில்லை என்ற ஒரே காரணத்தால் உங்கள் மனை ஊழல் சொத்து ஆகிவிடாது. உங்கள் சம்பளச் சேமிப்பு 5 லட்சமும் மனைவி பெயரிலுள்ள மனைக்குள் போயிருந்தால் அதையும் மறைக்க வேண்டியதில்லை. கணக்கில் உள்ள பணத்தில் மனைவி பெயரில் வாங்குவது பினாமி ஆகாது. எல்லாமே மனைவியின் சீதனப் பணம் என்று கதை கட்டுவதுதான் ஆபத்து. நகைக்கடன் ரசீது, சேமிப்புக் கணக்கின் 2019 முதல் 2021 வரையிலான அறிக்கை, மாமனாரின் விவசாய விற்பனைச் சீட்டுகள், இவற்றை முதலில் தேடி எடுங்கள். இல்லாத ரசீதை உண்டாக்காதீர்கள்.

விற்றவரை இப்போது போய்ப் பார்க்காதீர்கள், போனிலும் பேசாதீர்கள். "நான் விலை குறைத்துக் கொடுக்கவில்லை" என்று ஒரு கடிதம் வாங்கலாம் என்று தோன்றும். நாளைக்கு அவரே சாட்சியாக நின்றால் அந்தக் கடிதத்தைவிட, அதைக் கேட்டு நீங்கள் போன நாள்தான் பேசப்படும்.

இன்னொன்று. அந்த 11 பக்க விளக்கத்தைச் சங்கத்து நண்பர்கள் இருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியதாக எழுதியிருக்கிறீர்கள். அனுப்பியது அனுப்பியதுதான், அழிக்கச் சொல்லிக் கெஞ்சி அதையும் ஒரு செய்தியாக்காதீர்கள். மூன்றாவது ஆளுக்கு மட்டும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.