மறு: டபுள் டோஸ் அடித்தும் முட்டைக்கோஸ் புழு சாகவில்லை

சைபர்மெத்ரின் மூன்று முறை அடித்தும் கேட்கவில்லை, லாம்டா சைஹலோத்ரினுக்கு மாறி டபுள் டோஸும் போட்டுவிட்டேன் என்கிறீர்கள். மருந்து போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நீங்கள் மாற்றியது பெயரைத்தான், இரண்டுமே பைரித்ராய்டு என்ற ஒரே மருந்துக் குடும்பம், நரம்பில் ஒரே இடத்தைத்தான் தாக்கும்.

தொட்டதும் துடித்து நூலில் தொங்குகிறது என்றால் அது வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழுதான். பழைய கில்லாடி அது. 1953லேயே ஜாவாவில் டிடிடி என்ற பழைய பூச்சிமருந்துக்கு அசராதது பதிவாகியிருக்கிறது. எதிர்ப்புத் திறன் வந்த புழுவின் உடலில் பி450, எஸ்டரேஸ் போன்ற நொதிகள் ஏராளமாக உண்டாகி, மருந்து நரம்பை எட்டுமுன்பே அதைச் சிதைத்துவிடும். போதாததற்கு, பைரித்ராய்டு போய் ஒட்டவேண்டிய நரம்பின் சோடியம் நுழைவாயிலும் மரபணு மாற்றத்தால் உருமாறியிருக்கலாம். பூட்டே மாறியபிறகு அதே சாவியை எத்தனை முறை திருகினால் என்ன? டோஸைக் கூட்டினால் புழுவைத் தின்னும் குளவிகளும் சேர்ந்து சாகும், தப்பிய புழுக்கள் அந்துப்பூச்சியாகி தங்களுக்குள்ளேயே இணைசேரும், அவற்றின் வாரிசும் மருந்துக்கு அசராது.

இந்தப் பயிருக்குப் பைரித்ராய்டை அடியோடு நிறுத்துங்கள். வேறு குழு மருந்தான ஸ்பினோசாட் அல்லது பிடி (புழுவைக் கொல்லும் பாக்டீரியா மருந்து), லேபிளில் உள்ள அளவிலேயே, புழு சிறிதாக இருக்கும்போது இலையின் அடிப்பக்கம் நனைய அடியுங்கள். அடுத்த தலைமுறைப் புழுவுக்கு வேறு வேதிக்குழு மருந்துக்கு மாறுங்கள். பிடியையே விடாமல் அடித்தாலும் இதே கதைதான், 1990 வாக்கில் ஹவாயில் நடந்தது.