இன்னும் ஒன்பது நிமிடம்

அன்புள்ள ஐயா,

உலகப் பட்டத்துக்கான குத்துச்சண்டை இப்போது 12 சுற்றோடு முடிந்துவிடுகிறது. 15 சுற்று இருந்தபோதுதான் உண்மையான சாம்பியன் யார் என்று தெரிந்தது. 1941இல் ஜோ லூயிஸ் 13ஆவது சுற்றில்தான் பில்லி கானை வீழ்த்தினார். 1975இல் மணிலாவில் முகமது அலியும் ஜோ ஃப்ரேசியரும் மோதினார்களே, அப்படி ஒரு சண்டை இனி வருமா? 1915இல் ஹவானாவில் 45 சுற்றுகூட நடந்திருக்கிறது. எல்லாம் தொலைக்காட்சிக்காரர்களின் வசதிக்காகக் குறைத்தது. உயிரிழப்பு எந்த விளையாட்டில்தான் இல்லை? மூன்று சுற்று என்பது இன்னும் ஒன்பது நிமிடம்தானே. பழையபடி மாற்றலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் மணிலா சண்டையை மறுபடி பார்த்து முடித்திருந்தேன். இல்லாவிட்டால் 'எந்த விளையாட்டில்தான் இல்லை' என்ற வரியிலேயே கடிதத்தை மூடிவைத்திருப்பேன்.

லூயிஸ் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. 12 சுற்றோடு மணி அடித்திருந்தால் பட்டம் கானுக்குப் போயிருக்கும். மார்சியானோவும் 1952இல் புள்ளிகளில் பின்தங்கிக் கிடந்து, 13ஆவது சுற்றில் வால்காட்டை ஒரே வலது கைக் குத்தில் சாய்த்தவர்தான். தொலைக்காட்சிக் கதையை விட்டுவிடுங்கள். சுற்றுகளைக் குறைக்க வைத்தது ஒரு சாவு.

1982 நவம்பர் 13, லாஸ் வேகாஸ். சாம்பியன் ரே மான்சினியை எதிர்த்து நின்றவர் கொரியாவின் கிம் டுக் கூ. 14ஆவது சுற்று தொடங்கி 19 நொடியில் நடுவர் ரிச்சர்ட் கிரீன் சண்டையை நிறுத்தினார். அதற்குள் கிம் விழுந்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு எழ முயன்றிருந்தார். சற்று நேரத்தில் நினைவு தப்பியது. மூளையில் ரத்தக்கசிவு, அறுவை சிகிச்சை செய்தும் சில நாட்களில் இறந்தார். சில மாதங்களில் அவருடைய தாயும், அடுத்த ஜூலையில் அந்த நடுவரும் தற்கொலை செய்துகொண்டார்கள். உலகக் குத்துச்சண்டைக் கவுன்சில் உடனே 12 சுற்று என்று அறிவித்தது. வேடிக்கை என்னவென்றால், அன்று மோதியது அவர்களுடைய பட்டத்துக்கே அல்ல. அந்தப் பட்டத்தை வழங்கிய இன்னொரு அமைப்பான உலகக் குத்துச்சண்டைச் சங்கம் 1987 வரை சும்மா இருந்தது.

இப்போது உங்கள் ஒன்பது நிமிடத்துக்கு வருகிறேன். அதில் 3 நிமிடம் 19 நொடிதான் கிம்முக்குப் போதுமானதாக இருந்தது. இதை எழுதும்போது கை கூசவில்லையா உங்களுக்கு? நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஒன்பது நிமிடம் ஒரு தேநீர் குடிக்கும் நேரம். கால் தளர்ந்து, கை தாழ்ந்து, தலையை விலக்க முடியாமல் நிற்கிறவனுக்கு அப்படியா? அதுவும் எடைப் பிரிவுக்காக உடம்பை வற்றவைத்து எடை இறக்கிவிட்டு வந்து நிற்கிறவனுக்கு?

மணிலாவை நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன். அங்கே 15ஆவது சுற்று நடக்கவே இல்லை. ஃப்ரேசியரின் இடது கண் முன்பே மங்கல். வலது கண்ணும் வீங்கி மூடிக்கொண்டது. 14ஆவது சுற்று முடிந்து முக்காலியில் உட்கார்ந்தவரைப் பயிற்சியாளர் எடி ஃபட்ச் எழவிடவில்லை. ஃப்ரேசியர் மல்லுக்கட்டினார். ஃபட்ச் மசியவில்லை. மேடையில் அடிபட்டுச் செத்தவர்களை முன்பே பார்த்தவர் அவர். நீங்கள் 15 சுற்றுக்குச் சாட்சியாகக் கூப்பிடும் சண்டையை முடித்தது, கடைசி மூன்று நிமிடம் வேண்டாம் என்று சொன்ன ஒரு கிழவர்.

என் தாய்மாமா வடசென்னையில் வாத்தியாராக இருந்தார். பள்ளிக்கூட வாத்தியார் அல்ல, குத்துச்சண்டை வாத்தியார். ஒரு தகர வாளி, பஞ்சு, வாசலின் டப்பி, தோளில் ஈரத் துண்டு. சுற்று முடிந்து பையன் வந்து உட்கார்ந்ததும் 'முடியுமா' என்று கேட்கவே மாட்டார். முடியாது என்று எவன் சொல்வான்? முகத்தில் தண்ணீரைப் பிழிந்துகொண்டே, 'உன் வீட்டுக் கதவு எண் என்னடா?' என்பார். ஒரு நாள் நான் வாளி பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். பையன் பளிச்சென்று பதில் சொன்னான். நன்றாகத்தான் இருக்கிறான் என்று நினைத்தேன். மாமா சண்டையை நிறுத்தச் சொல்லித் துண்டை மேடையில் எறிந்துவிட்டார். அவன் சொன்னது மூன்று வருடத்துக்கு முன் காலிசெய்துவிட்டுப் போன வீட்டின் எண். அதற்குப் பிறகு அவன் மாமாவைக் கண்டால் தெருவைத் தாண்டி எதிர்ப்பக்கம் போவான். அவன் கல்யாணத்துக்கு எங்கள் வீட்டுக்குப் பத்திரிகை வரவில்லை. மாமா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மொய்ப் பணத்தை மட்டும் என்னிடம் கொடுத்தனுப்பினார்.

அதற்காக 12 என்று போட்டுவிட்டால் யாரும் சாக மாட்டார்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. 2019இல் மாக்சிம் டடாஷேவ் என்ற ரஷ்யரிடம் பயிற்சியாளர் பட்டி மெக்கர்ட் 11ஆவது சுற்றுக்குப் பிறகு போதும் என்று கெஞ்சினார். அவர் தலையை ஆட்டி மறுத்தார். மெக்கர்ட் நிறுத்தியே விட்டார், அப்படியும் பிழைக்கவில்லை. 2025 ஆகஸ்டில் டோக்கியோவில் ஒரே நாள் மேடையேறிய இருவர் இறந்தார்கள். அதில் ஒருவர் 12 சுற்றும் நின்றவர். அதன் பிறகு ஜப்பானில் நடக்கும் ஆசிய-பசிபிக் வட்டாரப் பட்டச் சண்டைகளை 10 சுற்றாகக் குறைக்க முடிவெடுத்தார்கள். உலகம் இறங்கிக்கொண்டிருக்கிறது, நீங்கள் ஏறச் சொல்கிறீர்கள்.

கேட்டதற்குப் பதில்: மாற்றக் கூடாது. கோபித்துக்கொள்ளாதீர்கள். லூயிஸையும் கானையும் நினைவில் வைத்திருந்து எழுத இன்று எத்தனை பேர் இருக்கிறார்கள்? அடிக்கடி எழுதுங்கள்.

ஹவானாவைப் பற்றி ஒரு திருத்தம். 45 சுற்று என்பது விளம்பரத்தில் போட்டிருந்தது. அன்றைய சாம்பியன் ஜாக் ஜான்சன் 26ஆவது சுற்றிலேயே விழுந்துவிட்டார்.