அதே ஃபைல் இரண்டாம் முறை மட்டும் ஏன் சட்டென்று திறக்கிறது?

கேள்வி: ஆறு வருடமாக ஓடும் டெஸ்க்டாப் கணினி. இரண்டு மாதமாக எந்த ஃபைலைத் திறந்தாலும் ஒரு நிமிடம் ஆகிறது. மூடிவிட்டு அதையே மறுபடி திறந்தால் சட்டென்று வந்துவிடுகிறது. ரேமை 4 ஜிபியிலிருந்து 8 ஆக்கியும் பலனில்லை. ஃபார்மட் செய்துவிடலாமா?

பதில்: வேண்டாம், இப்போதைக்கு ஃபார்மட் பக்கமே போகாதீர்கள். இரண்டாம் முறை சட்டென்று வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குக் கவலை தருகிறது. முதல் முறை ஃபைல் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து வருகிறது. மறுமுறை, விண்டோஸ் ரேமில் எடுத்து வைத்திருக்கும் பிரதியிலிருந்து வருகிறது. நல்ல டிஸ்க்கிலும் இந்த வித்தியாசம் கொஞ்சம் இருக்கும். ஆனால் ஒரு நிமிடமா? டிஸ்க்கைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபாமன்ஸ் பகுதியில் டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்துவிட்டு, இன்று இன்னும் தொடாத ஒரு ஃபைலைத் திறங்கள். 100 சதவீதம் என்று காட்டுவதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். அப்டேட் ஓடும்போதும் அப்படித்தான் காட்டும். கீழே ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம் என்று இருக்கும், அதைப் பாருங்கள். நல்ல ஹார்ட் டிஸ்க்கில் சாதாரணமாக 10, 20 மில்லி செகண்ட்தான் இருக்கும். அது ஆயிரக்கணக்கில் போய், படிக்கும் வேகம் வினாடிக்கு ஒரு எம்பியைக்கூடத் தொடவில்லை என்றால், டிஸ்க் பெரும்பாலும் கெட்டுப்போன இடத்தையே திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கிறது.

அப்புறம், டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். 05 என்ற வரி, கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்களின் (டிஸ்க்கில் தகவல் பதியும் சிறு சிறு பகுதிகளின்) கணக்கு. சி5 என்ற வரி, படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்கள். மஞ்சள் நிறத்தில் காஷன் என்று வந்து, சி5 வரியின் கடைசியில் பூஜ்யம் அல்லாத எண் இருந்தால் அன்றைக்கே காப்பி எடுக்க ஆரம்பியுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. என் கணினியில் இதே நிலை வந்தபோது, சரியாகிவிடும் என்று நம்பி விண்டோஸிலேயே இருக்கும் செக் டிஸ்க் என்ற டிஸ்க் சோதனைக் கருவியை ஓடவிட்டேன். கெட்ட செக்டர்களைத் தேட அது டிஸ்க் முழுவதையும் படிக்கும். தள்ளாடும் டிஸ்க்குக்கு அது தாங்காது. 27 சதவீதத்தில் நின்றது. பிறகு அந்த டிஸ்க், விண்டோஸுக்கு முன்பே ஓடும் பயாஸில்கூடத் தெரியவில்லை. மகளின் முதல் பிறந்தநாள் படங்கள் அதில்தான் இருந்தன.

அதனால் வேறு டிஸ்க்குக்கு முதலில் படங்களையும் ஆவணங்களையும் மாற்றுங்கள். சின்னச் சின்ன ஃபோல்டர்களாக எடுங்கள். ஒன்று நடுவில் நின்றால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். சினிமா, மென்பொருள் எல்லாம் பிறகு கிடைக்கும்.

எடுத்து முடித்தபின், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் அதைவிட வேகமான எஸ்எஸ்டி மாற்றி, அதில் விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள். பழைய டிஸ்க்கை அப்படியே குளோன் செய்வதைவிட இதுதான் நல்லது. நீங்கள் போட்ட கூடுதல் ரேம் வீண் இல்லை, அப்போது பயன்படும்.

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ நீலத்தில் குட் என்று காட்டினால், டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளைக் கழற்றி இறுக்கமாக மாட்டிப் பாருங்கள். இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை நீக்குங்கள். அப்போதும் தாமதம் என்றால், அந்த ரெஸ்பான்ஸ் டைம் எண்ணைக் குறித்துக்கொண்டு மறுபடி எழுதுங்கள்.